ஒன்பது வெள்ளைச் சட்டை

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: ஆட்ட ஆணையர், நடுவர், மைதானப் பொறுப்பாளர், மலைநாட்டு அணியின் மேலாளர், நான். வராதது இரண்டு. ஒன்று, எங்கள் தீவுநாட்டு அணியின் மேலாளர். வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்த ஒரு பையனோடு அவர் மருத்துவமனையில் இருந்தார். இன்னொன்று, அந்த அணியின் கருநீலச் சட்டைகள் இருந்த பை. அது எங்கே கிடக்கிறது என்று அந்தக் காலை பத்து மணிக்கு எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

தம்பி தங்கைகளே, அடுத்த வாரம் நீங்கள் முதல் தடவையாக அணித் தொடர்பாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டப் போகிறீர்கள். நான் அதைக் கழற்றி ஒரு வருஷம் ஆகிறது. இப்போது பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர். முப்பது வயது ஆகாதவன் ரிட்டையர் ஆனவன் மாதிரிப் பேசுகிறானே என்று சிரிக்காதீர்கள். இந்த வேலையில் நாலு போட்டி பார்த்தவன் கிழவன்தான். விமான நிலையத்தில் எப்படி வரவேற்பது, பஸ் எத்தனை மணிக்கு, யாருக்கு என்ன சாப்பாடு, எல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. நான் சொல்லப் போவது கையேட்டில் இல்லாதது.

நாடுகளின் பெயர் வேண்டாம். அந்தப் பையன்களில் இரண்டு பேர் இப்போது பெரியவர்கள் அணியில் ஆடுகிறார்கள். தீவு, மலை என்றே சொல்கிறேன். அவர்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம். நான் நம் பேச்சில் தருகிறேன்.

பதினாறு வயதுக்குட்பட்டவர்களின் சர்வதேசக் கால்பந்துப் போட்டி. ஒரு பிரிவின் ஆட்டங்கள் நம் காஞ்சிபுரத்தில். தீவு ஒன்றில் தோற்று, ஒன்றில் ஜெயித்திருந்தது. கடைசி ஆட்டம் மலையோடு. ஜெயித்தால் அரையிறுதி. டிரா ஆனாலும் மறுநாள் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் இரண்டு அணிகளும் தங்கள் சட்டைகளை ஆணையர் முன் மேசையில் விரித்துக் காட்ட வேண்டும். நிறம் மோதக் கூடாது. இரண்டு அணிக்குமே முதல் நிறம் வெள்ளை. அட்டவணையில் மலையின் பெயர் முதலில் இருந்ததால் வெள்ளை அவர்களுக்கு. தீவு தன் இரண்டாவது நிறமான கருநீலத்தில் ஆட வேண்டும்.

மலைநாட்டு மேலாளர் வெள்ளைச் சட்டையை விரித்தார். ஆணையர் என்னைப் பார்த்தார். வெயிலில் முகம் சிவந்து போன, நிறுத்தி நிதானமாகப் பேசும் மனிதர்.

"உங்கள் நீலம் எங்கே?"

என் கையில் வண்ணப் படம் அச்சடித்த தாள் மட்டும் இருந்தது. "ஹோட்டலில் இருக்கிறது சார்."

"நீங்கள் பார்த்தீர்களா?"

"இருக்கிறது சார்."

அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது ஒன்று. மேலாளர் இடத்தில் நானே கையெழுத்தும் போட்டேன். பேனாவை மூடி வைத்தபோது, சர்வதேசப் போட்டியில் ஒரு நாட்டுக்காகக் கையெழுத்துப் போட்டவன் என்று எங்கள் ஊர் முசரவாக்கத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கியவர். தாலுக்கா ஆபீசுக்குப் போனால் என்னை முன்னால் தள்ளிவிட்டு, "தெரியலன்னு மட்டும் சொல்லிடாதடா, நம்மள மதிக்க மாட்டானுங்க" என்பார். அப்படியே பழகிவிட்டேன். எதைக் கேட்டாலும் 'இருக்கிறது', 'தெரியும்', 'பார்த்துக்கொள்கிறேன்'. பத்து வருஷம் அது எனக்கு நன்றாகத்தான் வேலை செய்தது.

பன்னிரண்டு மணிக்கு மேலாளருக்கு போன் செய்தேன். அவர் தன் ஊரில் பள்ளி வாத்தியார். மெதுவாகப் பேசுவார்.

"சார், நீலச் சட்டைப் பை எந்த அறையில் இருக்கிறது?"

"நீலமா? அது நாங்கள் விமானம் மாறிய ஊரிலேயே தங்கிவிட்டது. நாளை இரவு வருமாம். ஏன், நாளைக்கு நாம் வெள்ளையில்தானே?"

வாய் தானாகவே திறந்தது. "ஆமாம் சார். நான் பார்த்துக்கொள்கிறேன்."

எதற்கு ஆமாம்? எதைப் பார்த்துக்கொள்வது? போனை வைத்த பிறகும் அதையே கேட்டுக்கொண்டு நின்றேன். அந்த நிமிஷமே ஆணையர் அறைக் கதவைத் தட்டி, "சார், தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்றிருந்தால் கதை முடிந்திருக்கும். அவர் அறை இரண்டாவது மாடி. நான் நின்றது முதல் மாடி.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து விளையாட்டுச் சாமான் கடைகளில் ஏறி இறங்கினேன். ஒரே நீலத்தில் ஆறு சட்டைதான் இருந்தது. திரும்பி பிள்ளையார்பாளையம் வழியாக வரும்போது, ஒரு சாயப்பட்டறை வாசலில் மூங்கில் கழியில் ஈரப் பட்டுநூல் தொங்கியது. கருநீலம். தாளில் அச்சடித்த அதே கருநீலம். வண்டியை நிறுத்திவிட்டேன். ஊரே சாயம் போடுகிற ஊர். இங்கே பிறந்தவன் போய்க் கலருக்குத் தவிப்பதா? எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது. வராமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பட்டறை வேலு அண்ணனுடையது. லுங்கியை மடித்துக் கட்டி, முழங்கை வரை நீலமாக இருந்தார். சட்டையைக் கொண்டுவரப் பயந்து, அணியின் சலவைப் பையிலிருந்து ஒரே ஒரு வெள்ளை சாக்ஸை மட்டும் எடுத்துவந்து நீட்டினேன். சலவை என் பொறுப்பு என்பதால் யாரும் கேட்கவில்லை.

"இன்னா பா, ஒத்த சாக்ஸை எடுத்துக்கினு வந்துக்கிற? இன்னொரு காலு எங்க?"

"சாம்பிள்ணே. இந்த நீலம் புடிக்குமா?"

"போட்டுத்தான் பாக்கணும்." பட்டு கிடந்த அதே தொட்டியில் ஓரமாக அமுக்கினார். கொஞ்ச நேரம் கழித்துக் கழியால் தூக்கி, பச்சைத் தண்ணியில் அலசிக் காட்டினார். ஒரு சொட்டுச் சாயம் இறங்கவில்லை. நடுக்கடல் மாதிரி இருந்தது நிறம்.

"பரவாயில்லியே, பட்டு மாரியே குடிச்சிக்குது" என்று அவரே வியந்தார்.

"அண்ணே, நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு மொத்த செட்டும் எடுத்துக்கினு வரேன். சாக்ஸு, சட்டை எல்லாம்."

"சட்டையும் இதே துணிதானா?"

"ஒரே செட்டுதான்ணே. ஒரே கம்பெனி."

அவர் கேட்டது துணியை. நான் சொன்னது கம்பெனியை. மறுபடியும் அதேதான், கவனியுங்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பட்டறையில் இருந்தேன். பையன்கள் எழுந்திருக்கவில்லை. பதினெட்டு ஜோடி சாக்ஸ் முதலில் போனது. அத்தனையும் பிரமாதமாகச் சாயம் பிடித்து வரிசையாகக் கயிற்றில் ஏறியது. எனக்கு நிலத்தில் கால் நிற்கவில்லை. ஒரு நாட்டையே காப்பாற்றிவிட்ட நினைப்பு.

வேலு அண்ணன் சட்டைகளைக் கையில் எடுத்தவர் தயங்கினார். "இன்னாமோ வழவழன்னு இருக்குது பா. மொதல்ல ஒண்ணு போட்டுப் பாப்பமா?"

"டைம் இல்லண்ணே. எட்டு மணிக்கு இதெல்லாம் காயணும்."

"உங்க சார்கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேண்ணே."

"சரி, தொட்டி சின்னது. பாதி பாதியா போடலாம்." பதினெட்டில் ஒன்பதை எண்ணி உள்ளே விட்டார். அந்தப் பாதிக்காக அவருக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டவன்.

கால் மணி நேரம் கழித்துக் கழியைத் தூக்கினார். சட்டையின் விலாப்பக்க வலைத்துணி மட்டும் கருநீலம். மற்ற இடமெல்லாம் அழுக்குத் தண்ணி பட்ட சுவர் மாதிரி வெளிறிய நீலம், திட்டுத் திட்டாக. கொதியில் முதுகு நம்பர்கள் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரிச் சுருண்டிருந்தன. ஏழாம் நம்பர் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது.

வேலு அண்ணன் தையல் ஓரத்தில் ஒரு நூலைப் பிடுங்கித் தீக்குச்சியில் காட்டினார். அது உருகி மணி மாதிரி உருண்டது. சாக்ஸ் நூல் ஒன்றைச் சட்டை நூல் பக்கத்தில் வைத்து நசுக்கிப் பார்த்தார்.

"சாக்ஸு நைலான் பா. அது பட்டுச் சாயத்தை வாங்கிக்கும். சட்டை பாலியெஸ்டரு. அது செத்தாலும் வாங்காது. நேத்தே ஒரு சட்டையக் கண்ணுல காட்டியிருந்தா சொல்லியிருப்பனே."

"ஏதாவது பண்ணுங்கண்ணே."

"பண்றதுக்கு ஒண்ணுமே இல்ல. மிச்சத்தை எடுத்துக்கினு ஓடு. சாக்ஸுக்கு மட்டும் காசு குடு. சட்டைக்கு வாங்குனா எனக்குச் சோறு எறங்காது."

கணக்கைப் பாருங்கள். கோல்கீப்பர், அதாவது கோலி, அவனுக்குத் தனிச் சட்டை. மற்றவர்கள் பத்துப் பேர். என் கையில் வெள்ளைச் சட்டை ஒன்பது. நீலம் பூஜ்யம். ஆட்டம் நாலு மணிக்கு. நேற்று என்னிடம் ஒரு பிரச்சினை இருந்தது. இன்று காலை ஏழரைக்குள் அதைத் தீர்க்கவே முடியாதபடி ஆக்கி வைத்திருந்தேன். தீவு சரியான சட்டையில் இறங்காவிட்டால் ஆட்டம் மலைக்கு, மூன்றுக்குப் பூஜ்யம். பையன்கள் காலால் தொடாமலே தோற்றுப் போவார்கள்.

ஹோட்டலுக்கு வண்டியை ஓட்டும்போது மூன்று பொய் யோசித்தேன். சலவைக்காரர் கெடுத்துவிட்டார். பை திருடு போய்விட்டது. மூன்றாவது என்னவென்று இப்போது நினைவில்லை; அதுதான் இருப்பதிலேயே நன்றாக இருந்தது. மேலாளர் வாசலிலேயே நின்றிருந்தார், மருத்துவமனையிலிருந்து அப்போதுதான் வந்து. தூங்காத கண். நான் ஈரச் சட்டை ஒன்றைப் பையிலிருந்து உருவி அவர் கையில் கொடுத்தேன். பிறகு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன், கூட்டத்தில் சொன்ன 'இருக்கிறது' முதல்.

அவர் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"சாயக்காரருக்கும் எனக்கும் மட்டும்தான் சார்."

"போதாது. வா, இன்னும் இரண்டு பேருக்குச் சொல்லலாம்."

சாப்பாட்டுக் கூடத்தில் ஆணையர் ஒரு மேசையிலும் மலைநாட்டு மேலாளர் இன்னொரு மேசையிலும் இருந்தார்கள். எங்கள் மேலாளர் நாற்காலியை இழுத்து இரண்டுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார். அவரே சொல்லியிருக்கலாம். என்னைச் சொல்லச் சொன்னார்.

சொல்லி முடித்ததும் ஆணையர் கத்தியையும் முள்கரண்டியையும் கீழே வைத்தார். "நேற்று உங்களிடம் பார்த்தீர்களா என்று கேட்டேன்."

"பார்க்கவில்லை சார். பொய் சொன்னேன்."

மலைநாட்டு மேலாளர் குறுக்கே புகுந்தார். குட்டையான, கைகால் ஓயாத மனிதர். "நேற்றே என்னிடம் சொல்வதற்கென்ன? எங்கள் சிவப்பு செட் மேலே அறையில் சும்மா கிடக்கிறது. நாங்கள் சிவப்பில் ஆடுகிறோம், நீங்கள் வெள்ளையில் ஆடுங்கள். முடிந்தது."

நேற்று சொல்லியிருந்தால் அவ்வளவுதான். முதல் மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவில் இருந்தது அவ்வளவேதான். இப்போது என் கையில் ஒன்பதுதான் என்று சொல்ல வேண்டியிருந்தது.

"ஒன்பது பேர், ஒரு கோலி. பத்துப் பேரோடு ஆடலாம். விதி தடுக்காது" என்றார் ஆணையர். "மாற்று ஆட்டக்காரர் கிடையாது."

எங்கள் மேலாளர் தலையைக் குனிந்துகொண்டார். மலைநாட்டு மேலாளர் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"பத்துப் பேரை ஜெயித்தோம் என்று ஊருக்குப் போய்ச் சொன்னால் என் பாட்டிகூட மதிக்க மாட்டாள். சிவப்பு செட்டை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மொத்தம் பதினெட்டு. நாங்கள் வெள்ளையிலேயே ஆடுகிறோம்."

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. ஆணையர் கையை உயர்த்தினார். "இன்னொரு நாட்டுச் சின்னத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு தேசிய அணி இறங்க முடியாது. சின்னம் மூடியிருக்க வேண்டும். ஒட்டக் கூடாது, ஊசி குத்தக் கூடாது, தைக்க வேண்டும். ஆட்டத்தின் நடுவில் யாருடையதாவது பிரிந்தால் அவன் வெளியே போய்ச் சரி செய்த பிறகுதான் உள்ளே வரலாம். இரண்டு மணிக்கு பதினெட்டையும் என் மேசையில் பார்க்க வேண்டும்." நிறுத்தினார். "பார்க்க வேண்டும். புரிகிறதா?"

"புரிகிறது சார்."

மணி ஒன்பதே முக்கால். ஹோட்டலுக்கு எதிரே பிளவுஸ் தைக்கிற கஸ்தூரி அக்காவின் கடை. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் மட்டும் கடையிலும் தெலுங்கு வரும். பதினெட்டுச் சிவப்புச் சட்டையையும் அவர் மேசையில் கொட்டினேன்.

"இன்னாடா இது, கட்சி ஊர்வலமா?"

விஷயத்தைச் சொன்னேன். இந்தத் தடவை ஒன்றையும் மறைக்காமல்.

"ஏமிரா நீ! பாலியெஸ்டரைப் போயி பட்டுத் தொட்டியில போட்டியா? எங்க பொடிசு பண்ணாதுரா இந்த வேலைய." கடையில் இருந்த மூன்று பெண்களும் சிரித்தார்கள். "நாலு கல்யாண பிளவுஸு கெடக்குது. சாயங்காலம் வந்து என் கழுத்தைப் புடிப்பாங்க."

"அக்கா, ரெண்டு மணிக்குள்ள வேணும். இல்லன்னா பசங்க ஆடாமயே ஊருக்குப் போயிடுவாங்க."

"எந்த ஊரு பசங்க?"

சொன்னேன். கடல் நடுவில் இருக்கிற ஊர் என்றேன். அக்கா ஒரு சட்டையை எடுத்துச் சின்னத்தின் மேல் கட்டைவிரலை வைத்து அளந்தார். "உள்ளங்கை அகலம். இந்தச் செவப்புக்கு எது ஒத்துவரும்?" பீரோவைத் திறந்தார். தைக்காமல் மீந்து போன பட்டு பிளவுஸ் துண்டுகள் அடுக்கியிருந்தன. அரக்குச் சிவப்பில் ஒன்றை உருவிச் சட்டையின் மேல் போட்டார். அசல் நிறம். "ஜரிகை இல்லாத எடமா வெட்டு. தோச்சா சுருங்காதான்னு கேக்காத. ஒரு ஆட்டம் தாங்கும்."

"திருப்பிக் குடுக்கற சட்டைக்கா. ஓட்டை தெரியக் கூடாது."

"எனக்குத் தையல் சொல்லித் தர்றியா? கையால ஓட்டுத்தையல் போடறேன். இழுத்தா வந்துரும், இழுக்காத வரைக்கும் நிக்கும். எழவு, ஆடும்போது இழுக்காம இருப்பானுங்களா?"

நாலு ஊசி ஓடியது. நான் துண்டு வெட்டினேன், நூல் கோத்தேன், திட்டு வாங்கினேன். பன்னிரண்டரைக்குத் தீவு அணியின் கேப்டன் கடைக்கே வந்துவிட்டான். ஒல்லியாக, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பவன். திட்டுத் திட்டாகப் போன சட்டைகள் என் பையிலிருந்து எட்டிப் பார்த்தன. அவன் தன் ஏழாம் நம்பரை உருவினான். திட்டப் போகிறான் என்று நின்றேன்.

"பிரதர், மழை வரும்போது எங்கள் கடல் சரியாக இப்படித்தான் இருக்கும்" என்று தோளில் போட்டுக்கொண்டான். "இதை எனக்குக் கொடுத்துவிடு."

ஒன்றே முக்காலுக்குப் பதினெட்டையும் ஆணையர் மேசையில் விரித்தேன். ஒவ்வொன்றாக எடுத்து நகத்தால் நெருடிப் பார்த்தார். பதினெட்டாவதை மடித்து வைத்துவிட்டு, "இது பட்டா?" என்றார்.

"ஆமாம் சார். நான் பார்த்தேன்."

மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. சிரிப்பு என்றுதான் நினைக்கிறேன்.

நாலு மணிக்குத் தீவு இறங்கியது. எதிரணியின் சிவப்புச் சட்டை, எதிரணியின் சிவப்பு டிரவுசர், நெஞ்சில் காஞ்சிப் பட்டு, காலில் வேலு அண்ணன் போட்ட கருநீல சாக்ஸ். அவர்கள் உடம்பில் அவர்களுக்குச் சொந்தமாக இருந்தது அந்த சாக்ஸ் மட்டும்தான். விஷயம் எப்படியோ ஊரில் பரவிவிட்டது. தறிக்கு லீவு போட்டு வந்த கூட்டம், பள்ளி விட்டு வந்த கூட்டம், எல்லாம் ஒரே குரலாக "செவப்பு! செவப்பு!" என்று கத்தியது. வேலு அண்ணன் நீலக் கையோடு மூன்றாவது வரிசையில் இருந்தார். அவர் கண் பந்து பக்கமே போகவில்லை. பையன்களின் கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கஸ்தூரி அக்கா கடைப்பெண்களோடு முதல் வரிசைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாராவது சட்டையை இழுத்தால் போதும்.

"டேய், தையலைப் புடிச்சி இழுக்காதடா! பந்தை எடுடா, பந்தை!"

மலை முதலில் ஒரு கோல் அடித்தது. அவர்கள் மேலாளர் எம்பிக் குதித்துவிட்டு, எங்கள் பக்கம் பார்த்துத் தோளைக் குலுக்கினார். இடைவேளைக்குப் பிறகு தீவு ஒன்றைத் திருப்பியது. ஒன்றுக்கு ஒன்று. அதற்குப் பிறகு யாரும் உட்காரவில்லை. தீவுக்கு டிரா போதாது. பையன்கள் மேலே மேலே போனார்கள். கம்பத்தில் ஒரு தடவை பட்டது. கோலியின் விரலில் ஒரு தடவை பட்டது. ஏழு நிமிஷம் இருந்தது.

கேப்டன் இடப்பக்கமாகப் பந்தோடு ஓடினான். மலையின் பின்காவல் ஆட்டக்காரன் அவன் நெஞ்சுச் சட்டையை ஒரு கைப்பிடி பிடித்து இழுத்தான். தையல் பிரிகிற சத்தம் எனக்குக் கேட்டது என்று சத்தியமே செய்வேன். பட்டு ஒரு மூலையில் தொங்க, மலைநாட்டுச் சின்னம் வெளியே தெரிந்தது. நடுவர் விசில் ஊதி ஃப்ரீ கிக் கொடுத்தார். பிறகு கேப்டனின் நெஞ்சைக் காட்டி, கோட்டுக்கு வெளியே கையைக் காட்டினார்.

ஃப்ரீ கிக் எடுப்பவன் அவன்தான். அணியில் அந்த இடத்திலிருந்து அடிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

அவன் ஓடி வந்தான். என்னிடம் ஊசி நூல் இருந்தது. அக்கா காலையிலேயே என் பையில் திணித்திருந்தார். எடுத்தேன். நூலைக் கோத்தும்விட்டேன். முதல் குத்தை எங்கே குத்துவது என்று தெரியவில்லை. ஒரு கணம் பார்த்தேன். என் வாய் பழைய வார்த்தையைத்தான் சொல்லப் போனது. நான் பார்த்துக்கொள்கிறேன். அதை விழுங்கிவிட்டு, கம்பியைப் பார்த்துக் கத்தினேன்.

"அக்கா, எனக்குத் தைக்கத் தெரியாது! நீங்க வாங்க!"

"நான் எங்கடா வர்றது, போலீசு நிக்குது! அவனை இங்க தள்ளு!"

அவனைக் கம்பியோரம் தள்ளிக்கொண்டு போனேன். அக்கா கம்பிக்கு நடுவில் இரண்டு கையையும் விட்டார். "பாபு, மூச்சைப் புடிச்சிக்கினு நில்லு. ஆடுனா சதையோட தெச்சிருவேன்." அவனுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் மூச்சைப் பிடித்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டம் தையலை எண்ண ஆரம்பித்தது. ஒன்பதில் நிறுத்தி, கம்பியில் முகத்தை அழுத்தி, நூலைப் பல்லால் கடித்தார். முதுகில் ஒரு தட்டு. "போ!"

கோட்டில் நின்று கையைத் தூக்கினான். நடுவர் நெஞ்சைப் பார்த்தார், தலையசைத்தார். அதுவரை பந்து மேல் காலை வைத்து, சாக்ஸைச் சரிசெய்கிற மாதிரி இன்னொரு பையன் நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்தான். எத்தனை முறை ஒரு சாக்ஸைச் சரிசெய்ய முடியுமோ அத்தனை முறை.

கேப்டன் அடித்தான். பந்து மலைப் பையன்கள் வரிசையாக நின்று கட்டிய சுவரைத் தாண்டி வளைந்து, எங்கள் உயரமான பையன் ஒருவன் தலையில் பட்டு, வலைக்குள் போனது.

அடுத்து நடந்தது எனக்கு வரிசையாக நினைவில்லை. எங்கள் மேலாளர், அந்த மெதுவாகப் பேசுகிற வாத்தியார், என் காதில் கத்தினார். வேலு அண்ணன் இரண்டு நீலக் கையையும் தூக்கி ஆடினார். கஸ்தூரி அக்கா பக்கத்தில் இருந்த யாரோ ஒருவரைப் பிடித்து உலுக்கி, "என் தையல்! என் தையல்!" என்று அழுதுகொண்டிருந்தார். மிச்ச நிமிஷங்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடத்தினோம். இரண்டுக்கு ஒன்று.

சட்டைகளைத் தோய்த்துத் திருப்பிக் கொடுத்தபோது மலைநாட்டு மேலாளர் பட்டைப் பிரித்துத் தனியாகக் கேட்டார். பதினெட்டுத் துண்டையும் தன் பையன்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். "தோற்றதற்கு ஏதாவது கொண்டுபோக வேண்டாமா?" என்றார்.

அரையிறுதிக்குள் நீலப் பை வந்து சேர்ந்துவிட்டது. பையன்கள் தங்கள் சொந்தக் கருநீலத்தில், தங்கள் சொந்தச் சின்னத்தோடு இறங்கி, நாலுக்குப் பூஜ்யம் தோற்றார்கள்.

ஆணையர் தன் அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதினார். என் பெயரையும் எழுதினார். பொய் சொன்னான் என்றும், பிறகு தானே வந்து சொன்னான் என்றும் இரண்டு வரி. அடுத்த வருஷம் என்னை மறுபடி கூப்பிட்டார்கள். இரண்டாவது வரிக்காகத்தான் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும், கண்ணால் பார்த்து விரலால் தொடாத எதையும் 'இருக்கிறது' என்று நான் சொன்னதில்லை. உங்களிடம் யாராவது கேட்டு, உங்களுக்குத் தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறுங்கள். மரியாதை போகாது. என் அப்பாவிடமும் இதைச் சொன்னேன். "அப்படியா சொன்ன? அதுக்கு அவன் ஒண்ணும் திட்டலியா?" என்று இரண்டு முறை கேட்டார்.

போன மாதம் கேப்டன் ஒரு படம் அனுப்பியிருந்தான். கடற்கரையில் பயிற்சி. மேலே மழைக்கடல் நிறத்தில் அந்த ஏழாம் நம்பர், காலில் அந்த சாக்ஸ். எத்தனை முறை தோய்த்தும் வெளுக்கவில்லையாம். வேலு அண்ணனிடம் காட்டினேன். கையைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கி, படத்தை விரலால் பெரிதாக்கி, சாக்ஸை மட்டும் வெகுநேரம் பார்த்தார்.

போட்டிக் குழு போட்ட அபராதம், பாழான ஒன்பது சட்டை, பதினெட்டு ஜோடி சாக்ஸுக்குச் சாயம், ஒரு பிளவுஸ் துண்டுப் பட்டு, எல்லாம் சேர்த்து, நான் சொன்ன ஒரு 'இருக்கிறது' அந்தத் தீவுக்கு வைத்த செலவு நாற்பத்தோராயிரத்து இருநூறு ரூபாய்.